பறவை பார்க்கும் கூடாரம்

எங்கள் உப்பளத்தில் உயிர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று ஆராய்ச்சி செய்ய ஒரு மேடம் வந்தார். எங்களைப் பற்றி அல்ல. செடி, இறால், குருவி பற்றி. எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலாகத்தான் இருந்தது. மரக்காணத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பதினோரு வருஷமாக இந்தப் பாத்திகளில் நிற்கிறேன். தலைக்கு மேலே சித்திரை வெயில், காலுக்குக் கீழே உப்புத் தண்ணீர், கண்ணுக்கு எதிரே வெள்ளை வெளிச்சம். இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். ஓர் இறாலுக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லையே என்று தோன்றாதா?

மேடத்துக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், கடிகாரம் பார்த்து நேரம் குறிக்க வேண்டும், வெயிலில் சுருண்டு விழக் கூடாது. மேஸ்திரி யோசிக்கவே இல்லை. என்னைக் கைகாட்டினார்.

"இதக் கூட்டிட்டுப் போங்க மேடம். ப்ளஸ் டூல சயின்ஸ் குரூப்பு. வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் ஒரு ரெண்டு மாசம் நிம்மதியா இருக்கும்."

நான் படித்தது உண்மைதான். பள்ளிக்கூடத்தில் தகவமைப்பு என்று ஒரு பாடம் இருந்தது. ஒட்டகம், பனிக்கரடி, கள்ளிச்செடி. இதில் கள்ளியைத் தவிர வேறு எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் படம் போட்டு பாகம் குறித்து முழு மார்க் வாங்கினேன். பிறகு கல்யாணம் ஆகி, என் தகவமைப்பை நேரடியாகச் செய்து காட்டும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

மேடம் நல்லவர். என்னைவிடச் சின்னவர். கோயம்புத்தூர்ப் பக்கம். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்கிக்கொண்டு தினமும் விடியற்காலையில் ஸ்கூட்டியில் வருவார். உப்பளத்தைச் சுற்றிக் காட்டும் வேலை என்னுடையது என்றுதான் நினைத்தேன். கடைசியில் அவர்தான் எனக்குச் சுற்றிக் காட்டினார். பதினோரு வருஷமாக நான் மிதித்துக்கொண்டிருந்த இடத்தில் இவ்வளவு நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கழிமுகத்திலிருந்து தண்ணீர் வாய்க்கால் வழியாக முதல் பாத்திக்கு வரும்போது அதில் மீன் இருக்கும். அடுத்த பாத்தியில் வெயில் குடித்தது போக மிஞ்சிய தண்ணீர் கெட்டியாகும்; மீன் செத்துவிடும். அதற்கும் அடுத்ததில் உப்பு இறால் மட்டும்தான். நகம் அளவுகூட இருக்காது. பாத்தி காய்ந்து போனால் அதன் முட்டை தூசியாகக் கிடக்கும். வருஷக் கணக்கில் தண்ணீரே இல்லாமல் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் உயிர் வந்துவிடும் என்று மேடம் சொன்னார். கடைசிப் பாத்தியில் இறாலும் கிடையாது. தண்ணீர் மட்டும் ரோஸ் நிறமாக மாறும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதிலும் குடித்தனம் நடத்துகிறதாம்.

வரப்பில் முளைக்கும் உமரிச் செடியைப் பற்றியும் சொன்னார். அதை நாங்கள் கீரையாகப் பறித்துப் பருப்போடு கடைந்திருக்கிறோம். உப்புப் போட வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் நாங்கள் கண்ட அதிசயம். உப்பு மண்ணில் நின்றுகொண்டு உப்பைக் குடிக்க மாட்டேன் என்று எந்தச் செடியும் சொல்ல முடியாது. அதனால் அது குடித்த உப்பை எல்லாம் கொண்டுபோய்க் கீழ் இலைகளில் சேர்த்துவைக்குமாம். அந்த இலைகள் தடித்து, சிவந்து, ஒருநாள் உதிர்ந்துவிடும். செடி பிழைத்துக்கொள்ளும்.

"எவ்வளவு சாமர்த்தியம் பாருங்க அக்கா," என்றார் மேடம்.

எனக்குச் சாமர்த்தியமாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கீழ் இலை யார் என்று எனக்குத் தெரியும்.

என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதும், இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த மறுநாளே என்னோடு உப்பளத்துக்கு வந்துவிட்டாள். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்த விசேஷத்துக்கு ஆள் தேவைப்பட்டாலும், எந்தப் பாத்திரம் தேய்க்கக் கிடந்தாலும் அது அவள் தலையில்தான் விழும். முணுமுணுக்க மாட்டாள். முணுமுணுப்பது என் இலாகா.

வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பாத்தியிலிருந்து வரப்பு ஏறி உப்பு மேட்டுக்குக் கூடை சுமப்பதில் எங்களுக்குள் அவள்தான் வேகம். அதைவிடப் பெரிய பெருமை ஒன்று அவளுக்கு இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு வேலையில் இறங்கினால், பதினொன்றரைக்கு வீடு திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

"நான் ஒட்டகம் அண்ணி," என்பாள். சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வாள்.

அவள் மட்டும் அல்ல, நாங்கள் எல்லோருமே அப்படித்தான். கொட்டகையில் கேன் இருக்கும். வாயைக் கொப்பளித்துத் துப்புவோம், அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வந்த பெண் கேனைக் கவிழ்த்துக் குடித்தால், பழையவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். "குடிச்சா குந்தணும், குந்த இடம் எங்க இருக்குது?" என்று யாராவது ஒருத்தி எடுத்துச் சொல்வாள். மறுநாள் அவளும் கொப்பளித்துத் துப்புவாள்.

இடம் இல்லை என்பது சாக்கு அல்ல. உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கு எட்டியவரை பலகைபோல ஒரே சமதளம். மரம் கிடையாது, புதர் கிடையாது. உமரி கணுக்கால் உயரம்தான் வளரும். ஒரு பக்கம் ஈ.சி.ஆர். ரோடு. பாண்டிச்சேரிக்குப் போகிற கார்கள் நிறுத்தி நிறுத்தி எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகும். ஆண்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அந்தப் பக்கம் திரும்பி நின்றால் முடிந்தது.

மறைவு என்று இருப்பது ஒன்றே ஒன்று. உப்பு மேடு. இரண்டு ஆள் உயரத்துக்குக் குவித்துக் கீற்று போட்டு மூடியிருக்கும். அதன் பின்னால் போனால் கடவுளுக்குக்கூடத் தெரியாது. ஆனால் கடவுளே அதுதான். உப்பு லட்சுமி. மேட்டுக்குப் பக்கத்தில் செருப்புப் போட்டுப் போக மாட்டோம். முதல் உப்பு எடுக்கும் நாளில் அதற்கு முன்னால்தான் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்போம். மூன்று நாள் ஒதுக்கில் இருப்பவள் மேட்டில் கூடை கொட்டக்கூட மாட்டாள். கீழே நின்று அடுத்தவளிடம் மாற்றிவிடுவாள். அப்படிப்பட்ட இடத்தில் போய் உட்கார்வதா? இந்த ஊரில் எங்களை மறைக்கக்கூடிய ஒரே பொருள், நாங்கள் மானத்தோடு நெருங்க முடியாத ஒரே பொருளாக இருந்தது. யார் ஏற்பாடு செய்தார்களோ, நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

மேடம் வருவதற்கு ஒரு மாசம் முன்னால், மாசிக் கடைசியில், என் நாத்தனார் வரப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுந்தாள். ஒட்டகம் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகத்தில் கல், புண், அத்தோடு ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஓர் எண் ஏறியிருந்தது. டாக்டர் அந்த எண்ணைப் பேனாவால் வட்டம் போட்டார்.

"தினம் மூணு லிட்டர் தண்ணி. வேலை நேரத்துல அரை மணிக்கு ஒரு தடவை குடிக்கணும், அடக்கவே கூடாது. இது இறங்கலைன்னா அப்புறம் மிஷின்ல போட்டுத்தான்மா ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். வாரத்துக்கு ரெண்டு தடவை. புரியுதா?"

புரிந்தது. தண்ணீர் குடித்தால் அவள் பிழைப்பாள், குடிக்காவிட்டால் மிஷின். உலகத்தில் இதைவிட மலிவான மருந்து உண்டா? அவள் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கினாள். ஒவ்வொரு நாளும் நிரப்பிக் கொண்டுவந்தாள், ஒவ்வொரு நாளும் நிரம்பியபடியே வீட்டுக்குக் கொண்டுபோனாள். கேட்டால், "வீட்டுக்குப் போய் மொத்தமா குடிச்சுக்கிறேன் அண்ணி" என்பாள். நான் திட்டுவேன். நான் வேலை நேரத்தில் குடிக்கிறேனா என்று அவள் திருப்பிக் கேட்டதில்லை.

மேடம் வந்த முதல் நாள் ஒரு பெரிய பாட்டிலை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை உறிஞ்சினார். எட்டு மணிக்கு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, இங்க ரெஸ்ட் ரூம் எங்க இருக்கு?"

கேட்டது என்னிடம்தான். சிரித்தது நாங்கள் பதினோரு பேரும். பாவம், முகம் சிவந்து போய் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு ஓடினார். ஒரே வாரத்தில் அவரும் பழகிவிட்டார். காலையில் காபி இல்லை, பாட்டில் இல்லை. ஆறு மணிக்கு வந்து ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவார். உப்பு இறாலுக்கு லட்சக்கணக்கான வருஷம் தேவைப்பட்டதை ஓர் ஆராய்ச்சியாளர் ஏழு நாளில் முடித்துக்காட்டினார்.

அவர் முக்கியமாகப் பார்க்க வந்தது ஆள்காட்டிக் குருவியை. நீளக் காலும் கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதையும் வைத்துக்கொண்டு, ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டுமே, அதேதான். வெட்டவெளி வரப்பில் நான்கு கல்லைச் சேர்த்துவைத்து அதற்கு நடுவில் நான்கு முட்டை போட்டிருந்தது. சேற்று நிறம், கறுப்புத் திட்டு. காட்டிக்கொடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் அந்த முட்டையைக் கொஞ்ச நேரம் மூடாமல் விட்டால் உள்ளேயே வெந்துவிடும் என்றார் மேடம். மற்ற ஊர்ப் பறவைகள் முட்டைக்குச் சூடு கொடுக்க உட்காரும். இது சூடு படாமல் இருக்க உட்காரும். வெயில் ஏறினால் போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். பாத்தித் தண்ணீரில் நனைந்தால் சிறகில் உப்புப் படிந்துவிடும். அதனால் எவ்வளவு தூரம், எத்தனை தடவை, எந்தத் தண்ணீருக்குப் போகிறது என்பதுதான் மேடத்தின் கேள்வி. மொத்தம் நான்கு கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் வரப்புக் கூடு என் பொறுப்பு.

எண்ணுவதற்கு ஒரு கூடாரம் கொண்டுவந்தார். பச்சையும் பழுப்புமாக இலை அச்சடித்த துணி. விரித்தால் தானாக நிமிர்ந்து ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கும். அடியில் தரை கிடையாது. முன்பக்கம் ஜிப், முகத்துக்கு நேராக ஒரு கைப்பிடி அளவு ஜன்னல், உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

"இதுக்குள்ள நாம இருந்தா வெளியில இருந்து ஒண்ணுமே தெரியாது அக்கா. என்ன வேணா பண்ணிக்கலாம்," என்றார்.

சத்தியமாக அவர் அப்படித்தான் சொன்னார். ஒன்பது மணிக்கு அவர் கிளம்பிப் போனதும் நான் உள்ளே உட்கார்ந்து, குருவி எழுந்த நேரம், வந்த நேரம் என்று இரண்டு கட்டத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எனக்குப் புத்தி வந்துவிட்டது. வெளியே வந்து நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"பாட்டிலைக் குடி. குடிச்சிட்டு இங்க வா."

"இன்னாத்துக்கு அண்ணி?"

"குருவி பாக்கறதுக்கு."

அவள் கூடாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ, அது மேடம் பொருளு." நான் விடவில்லை. அரை பாட்டில் என் கண் முன்னால் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கள்ளத்தனமாக வரப்பில் நடந்து வந்தாள். ஜிப்பில் கை வைத்ததுதான் தாமதம், ஆள்காட்டி எழும்பிக் கத்திய கத்தலில் பாத்தியில் நின்ற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்குப் பேர் வைத்தவன் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் வைத்திருப்பான். அவள் ஓடப் பார்த்தாள். நான் உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்துவிட்டு, வாசலில் நின்று தாளில் எதையோ எழுதுகிற மாதிரி பாவனை செய்தேன்.

வெளியே வந்தவள் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. ஏதோ பெரிய இடத்துக்குப் போய்வந்தவள் மாதிரி புடவையைச் சரிசெய்துகொண்டாள். "உள்ள காத்து வருது அண்ணி," என்றாள்.

ஒரு வாரத்துக்குள் பதினோரு பேருக்கும் பறவைமேல் ஆர்வம் வந்துவிட்டது. "குருவி பாத்துட்டு வந்துடறேன் மேஸ்திரி" என்று கூடையை வைத்துவிட்டு வருவார்கள். மேஸ்திரிக்கு முதலில் குழப்பம், பிறகு புரிந்துவிட்டது, புரியாத மாதிரி இருந்துகொண்டார். அந்தச் சித்திரையில் எங்கள் கேன் முதல் முறையாகக் காலியாயிற்று. இதில் அதிகம் குடித்தது என் நாத்தனார்தான். அரை மணிக்கு ஒரு தடவை, டாக்டர் சொன்னபடி.

ஆள்காட்டியும் பழகியது. பத்து நாளில் கத்துவதை நிறுத்திவிட்டது. யாராவது வந்தால் எழுந்து பத்தடி தள்ளிப் போய் நிற்கும். போனதும் திரும்பி வந்து உட்காரும். நான் அதையும் ஒழுங்காகக் குறித்தேன். எழுந்த நேரம், வந்த நேரம். ஒரு நிமிஷம்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. ஏன் எழுந்தது என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தை நான் எப்படி நிரப்புவது?

மேடம் தாள்களை வாங்கிப் பார்க்கப் பார்க்க அவர் கண் விரிந்தது.

"அக்கா, மத்த மூணு கூட்டுலயும் காலைல ரெண்டு தடவை, மூணு தடவைதான் எழும்புது. நம்ம கூட்டுல மட்டும் பதினஞ்சு தடவை! இந்த வரப்பு மண்ணு சூடு அதிகமா இருக்கணும். அதுக்குத் தகுந்த மாதிரி இந்தப் பறவை தன் பழக்கத்தையே மாத்தியிருக்கு. யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல. அடுத்த மாசம் பெங்களூர்ல ஒரு கூட்டம் இருக்கு, அங்க பேசப்போறேன்."

நான் தலையாட்டினேன். எங்கள் மூத்திரம் பெங்களூர் போகப்போகிறது என்று அப்போது சிரிப்புத்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து நாத்தனாரைப் பாண்டிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் புதுத் தாளையும் பழைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வட்டம் போட்ட எண் இறங்கியிருந்தது. "பரவாயில்லையே! என்ன பண்றீங்களோ அதையே விடாம பண்ணுங்க," என்றார். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் கூடாரம் போகும். கூடாரம் போனால் எண் ஏறும். சொல்லாவிட்டால், என்னை நம்பித் தாளைக் கொடுத்த பெண் நாலு பேர் முன்னால் நின்று பொய்யைப் பேசுவாள். அதுவும் பொய் என்று தெரியாமல் பேசுவாள்.

"சொல்லிடட்டுமா?" என்று பஸ்ஸில் நாத்தனாரிடம் கேட்டேன்.

"முட்டை பொரியட்டும் அண்ணி. அப்புறம் சொல்லு," என்றாள். வாழ்க்கையில் தனக்காக அவள் கேட்ட முதல் சலுகை அது. நானும் சரி என்றுவிட்டேன்.

நான்கு நாள்தான் தாங்கியது. ஒரு காலை, பத்து மணி இருக்கும், வெயில் கண்ணைக் குத்தியது. எங்களில் ஒருத்தி கூடாரத்துக்குள் போனவள், நிழல் சுகத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆள்காட்டி எங்கேயோ போய் நனைத்துக்கொண்டு வந்து இறங்கியது. வயிறு சொட்டச் சொட்ட ஈரம். முட்டைக்குப் போகவும் பயம், விட்டுப்போகவும் மனம் இல்லை. அலகைத் திறந்துகொண்டு அங்கேயே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதன் வயிற்று ஈரம் அப்படியே காய்ந்தது. அது மறுபடி தண்ணீருக்குப் பறந்தது. முட்டை நான்கும் வெயிலில் கிடந்தன. எனக்கு என்மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. கூடாரத்தைத் தட்டி அவளை வெளியே இழுத்து, அவள் செய்யாத பாவத்துக்கும் சேர்த்துத் திட்டினேன்.

மறுநாள் மேடம் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். யார், எத்தனை பேர், எப்போதிலிருந்து. சொல்லி முடிக்கும்வரை அவர் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டார். "ஒரு மாச வேலை அக்கா," என்றார். "இந்தக் கூடு மொத்தமும் போச்சு."

பிறகு தாள்களை மடித்துவைத்துக்கொண்டே கேட்டார். "இந்தக் கூடாரம் வர்றதுக்கு முன்னாடி எங்க போவீங்க?"

"போறதில்ல மேடம். தண்ணி குடிக்க மாட்டோம். பழகிடுச்சு."

"எத்தனை வருஷமா?"

"எனக்குப் பதினோரு வருஷம். அதோ எங்க நாத்தனாருக்கு ஒம்போது. அதுக்குத்தான் கிட்னி போய்க்கிட்டு இருக்குது."

மேடம் பாத்தியில் குனிந்து நின்ற என் நாத்தனாரைப் பார்த்தார். காலையில் காபி குடிக்காமல் வருகிறவர் ஆயிற்றே, அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அது பழகினது இல்லக்கா," என்றார். "உமரி பழகியிருக்கு, இறால் பழகியிருக்கு. அதுங்களுக்கு இங்க இருக்கறது கஷ்டமே கிடையாது. உங்களுக்கு உடம்பு உள்ள செத்துக்கிட்டு வருது. கொஞ்ச நாளைக்கு அதுவும் வெளியில பாக்க பழகின மாதிரிதான் தெரியும்."

ப்ளஸ் டூவில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அன்றைக்கே அந்தக் கூட்டைத் தன் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். பெங்களூரில் பேசுவதில்லை என்றும் முடிவு செய்தார். பிறகு, கூடாரத்தை மடித்துக்கொண்டு போவார் என்று நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, அதைத் தூக்கிக்கொண்டுபோய் நாலு வரப்புத் தள்ளி, குருவியே இல்லாத இடத்தில் நட்டார். "இங்க யாரும் எதையும் எண்ணப் போறதில்ல," என்று மட்டும் சொன்னார். ஆள்காட்டியின் முட்டைகளில் மூன்று பொரிந்தன. ஒன்று அப்படியே கிடந்தது. அது வெயிலாலா, எங்களாலா என்று மேடத்துக்கும் தெரியவில்லை. எனக்கு இன்னமும் அது உறுத்துகிறது.

ஆனி கடைசியில் மேடத்தின் வேலை முடிந்தது. கூடாரம் பல்கலைக்கழகத்துச் சொத்து. நம்பர் போட்டு ஒட்டியிருந்தது. திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அவர் போவதற்கு முன்னால் எங்கள் முதலாளியைப் பார்த்து, ஒரு கழிப்பறை கட்டித்தரச் சொல்லிக் கேட்டார். முதலாளி மரியாதையானவர். உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்து, "அடுத்த வருஷம் பாக்கலாம் மேடம்" என்றார். அதே வார்த்தையை நாங்கள் இளநீர் இல்லாமலே பல தடவை கேட்டிருக்கிறோம்.

கூடாரம் போன மறுநாள் காலை. வழக்கம்போல ஐந்து மணிக்கு இறங்கினோம். நாத்தனார் பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து வரப்பில் வைத்தாள். ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. நான் உப்பை வாரிக்கொண்டே பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கும் அது கழுத்துவரை நிரம்பியபடியே இருந்தது. கேனில் இருந்தும் ஒருத்தியும் குடிக்கவில்லை. கொப்பளித்துத் துப்ப ஆரம்பித்துவிட்டார்கள். நானும்தான்.

எனக்குத் தாங்கவில்லை. "குடிடி!" என்று பாத்தி அதிரக் கத்தினேன்.

"குடிச்சிட்டு எங்க அண்ணி போறது?" என்றாள். கோபமே இல்லாமல், சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் சுற்றிப் பார்த்தேன். நாலு பக்கமும் வெட்டவெளி. ரோட்டில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் செல்போனை எங்கள் பக்கம் நீட்டியிருந்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்தாள். வரப்பேறிப் போய்ப் பாட்டிலை எடுத்து, அத்தனை பேர் பார்க்க அண்ணாந்து குடித்தாள். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குடித்தாள். பாட்டிலில் பாதிக்கு மேல் காலி. வாயைத் துடைத்துக்கொண்டு, கால் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு உப்பு மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

மேஸ்திரி பதறிவிட்டார். "ஏம்மா, ஏம்மா! எங்க போற? அது லட்சுமிம்மா!"

அவள் நிற்கவில்லை. தலையை மட்டும் திருப்பினாள்.

"லட்சுமிகிட்டதான் மேஸ்திரி போறேன். அவளும் பொம்பளதானே. கொஞ்ச நேரம் திரும்பிக்குவா."

மேட்டைத் தாண்டி, அதன் நிழல் முடிகிற இடத்துக்கு அவள் போய் மறைந்தாள். மேஸ்திரி ரோட்டில் நின்ற காரைப் பார்த்து, "போங்கப்பா, போங்க" என்று துண்டை வீசி விரட்டிவிட்டு, அவர்தான் முதலில் மேட்டுக்கு முதுகு காட்டி அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.